செய்தி சேரும் வழி



சிறிய நிறுவனமொன்று தனது செய்தியை மக்களிடம் எவ்வாறு கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். தேவாலயம், கோயில், வாசிகசாலை, சனசமூக நிலையம் ஆகிய யாவற்றுக்கும் பொதுவான வினா இது. முகாமைத்துவம் படித்தவர்கள் இதனைத் தொடர்பாடல் என்றும் சந்தைப்படுத்தல் என்றும் கூறுவர். தமிழாசிரியனாகிய எனக்கோ இது இலக்கிய வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இவ்வினாவுக்கு விடைகாண முயன்றவர்கள், அந்த முயற்சியினூடாகவே நமது உரைநடையையும் வளர்த்தனர்.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்களுக்கு முன்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அரச அதிகாரத்தின் துணையுடன் மதத்தைப் பரப்பியிருந்தனர். அந்த வற்புறுத்தல் நீங்கியதும், ஞானஸ்நானம் பெற்றிருந்தோரிற் பெரும்பாலானோர் தத்தம் பழைய வழிபாட்டுக்கே திரும்பினர். அமெரிக்கருக்கு அத்தகைய அதிகாரம் இருக்கவில்லை. தொகையாலும் அவர்கள் மிகச் சிலர். ஆகவே மக்களின் மனத்தை நாடுவதொன்றே அவர்களுக்கிருந்த வழி.

அவர்கள் முதலில் மக்கள் வேண்டி நின்றது எதுவென்று பார்த்தனர். மக்கள் கல்வியை வேண்டினர். கிராமந்தோறும் பாடசாலைகள் எழுந்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1834 முதல் மானிப்பாயில் அச்சுக்கூடம் இயங்கியது. அங்கிருந்து துண்டுப்பிரசுரங்கள் பெருந்தொகையாக வெளிவந்தன. 1841 ஜனவரி 7ஆம் திகதி ‘உதயதாரகை’ உதயமாயிற்று. மாதம் இருமுறை தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்த அப்பத்திரிகையில் சமயத்தோடு விஞ்ஞானம், கல்வி, உள்ளூர்ச் செய்தி என்பனவும் இடம்பெற்றன. சமயப் பகுதியை விரும்பாதவரும் ஏனையவற்றுக்காக அதனைக் கையில் எடுக்கக்கூடும். 1847இல் வந்த வைத்தியர் கிறீன், பின்னாளில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். மக்களுக்குப் பயன்படுவதொன்றைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் தமது செய்தியைச் சொன்னார்கள்.

இந்த முறையை மிக நெருங்கி நின்று அவதானித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர் அவர். செய்தியை மறுத்த அவர், முறையைக் கைக்கொண்டார். 1847 டிசம்பர் 31ஆம் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவரது பிரசங்கம் தொடங்கியது. அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் அது நிகழ்ந்தது. ஞாயிறு தேவாலயத்திற் கேட்கும் பிரசங்கம், வெள்ளி மாலை கோயில் மண்டபத்திற் கேட்கலாயிற்று. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், அடுத்த ஆண்டில் அச்சுக்கூடத்தையும் அவர் நிறுவினார்.

எழுத்திலும் அவ்வாறே. கிறிஸ்தவ ஞானோபதேச நூல்களின் வினாவிடை வடிவம் ‘சைவ வினாவிடை’யாயிற்று. சிறுவரின் பருவத்துக்கேற்பப் படிமுறையாகப் பாலபாடங்கள் வந்தன. செய்யுளை விளங்கமாட்டாதவரும் படிக்கப் பெரியபுராணம் வசனமாயிற்று. எவருக்கு எழுதுகின்றோம் என்ற தெளிவு அவரது வசனத்தின் ஒழுங்கிலே தெரிகின்றது. சொற்களை வேண்டுமிடத்துப் பிரித்து, குறியீடுகளை இட்டு, ஒரு பொருளை ஒரு தடவையிலே விளங்க வைக்கும் நடை அது. சமயப் போட்டி ஓய்ந்தபின்னும் அந்த நடை நம்மிடம் எஞ்சி நிற்கின்றது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. நாவலர் சாதியாசாரத்தைப் பேணியவர். அவரது செய்தி சென்ற எல்லையை அந்த ஆசாரமும் வரையறுத்தது. மிஷன் சபைகளிலும் சாதி வேற்றுமை எளிதில் அகன்றுவிடவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றபோதும் வாசலில் நிறுத்தப்பட்டோர் இருந்தனர். மண்டபத்துள் வர முடியாதவனுக்கு மண்டபத்துப் பிரசங்கம் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் என்ன? இந்துக் கல்லூரியொன்றிற் கற்பிப்பவன் என்ற வகையில், இக்கேள்வியை என் மாணவர்முன் வைப்பதும் என் கடமை என்றே கருதுகின்றேன்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். இன்று அச்சுக்கூடமும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசி ஒன்றிருந்தால் கணப்பொழுதில் நூறு பேருக்கு அறிவித்தல் போய்விடும். ஆனால் அந்த அறிவித்தலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முதலில் தலைவரின் பட்டங்கள். அடுத்து விருந்தினரின் பட்டங்கள். அதன்பின் அடைமொழிகள் நிறைந்த நீண்ட வாக்கியம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்விடத்தில் என்பன அடியிலே சிறிய எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும். போதாக்குறைக்கு ஒலிபெருக்கி. அது காதுகளைச் சென்றடைகின்றது. சொன்னது என்னவென்று கேட்டால் அயலவருக்கே தெரியாது.

நம் கிராமத்து நிலையங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, எவருக்குச் சொல்கின்றோம் என்பதை முதலில் தீர்மானித்தல். முதியவருக்கான கண் சிகிச்சை முகாமின் அறிவித்தல் இளைஞரின் தொலைபேசியில் மட்டும் கிடந்தால் முதியவர் வரமாட்டார். ஒருவர் வீடு சென்று சொல்ல வேண்டும். இரண்டு, தவறாமை. நாவலரின் வெள்ளிக்கிழமையைப் போலவும் உதயதாரகையின் இதழைப் போலவும், குறித்த நாளில் நடக்கும் என்ற நம்பிக்கையை ஊட்ட வேண்டும். ஆண்டுக்கொரு பெருவிழாவும் இடையில் நீண்ட மௌனமும் ஒரு வாசிகசாலையை உயிரோடு வைத்திரா. மூன்று, எளிய வசனம். நாளும் நேரமும் இடமும் முதல் வரியில் வரட்டும். பட்டங்கள் பொறுத்திருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. கேட்பவர்மீது சிறிது அக்கறை இருந்தாற் போதும். மாலையில் உங்கள் ஊர் வாசிகசாலைப் பக்கம் போனால், அறிவித்தற் பலகையில் தொங்கும் தாளைச் சற்று நின்று பாருங்கள். அது யாருக்கு எழுதப்பட்டது என்பது அதனை வாசிப்பவருக்கு விளங்கவில்லையாயின், அதனைத் திருத்தி எழுத முன்வாருங்கள். அதுவும் ஒரு தமிழ்ப்பணியே.