களத்தில் சில ஆண்டு, கல்வியில் பல ஆண்டு



அமெரிக்கர்கள் காற்பந்து என்று சொல்லும் ஆட்டம் நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது. ஓர் அணிக்கு 11 பேர். தற்காப்பு அணியின் முன்வரிசை வீரர், எதிரே சுவர்போல் நிற்பவர்களைத் தள்ளிப் பிளந்து சென்று, பந்தை வீச வருபவரை முந்திக்கொண்டு வீழ்த்த வேண்டும். உடல் வலிமையே அங்கு மூலதனம்.

அந்த இடத்தில் நின்று புகழ்பெற்றவர் ஆலன் பேஜ். 1945-இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தாயை இழந்தவர். 1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். 1971-இல் அந்நாட்டுத் தொழில்முறைப் போட்டியின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தற்காப்பு வீரர் ஒருவருக்கு அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதல் முறை.

இத்தனை புகழ் வந்தபின் புத்தகம் எதற்கு என்று அவர் எண்ணவில்லை. ஆடிக்கொண்டே சட்டம் படித்தார். 1978-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பழைய அணி அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் அணிக்குச் சென்று 1981 வரை ஆடினார். பதினைந்து ஆண்டுகளில் ஆட்டம் முடிந்தது, படிப்பு முடியவில்லை. 1993-இல் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தார். எழுபது வயதில், 2015-இல் ஓய்வு பெறும்வரை அப்பணியில் இருந்தார். ஆடிய காலத்தைவிட நீதி வழங்கிய காலமே நீண்டது!

1988-இல் கேன்டன் நகரிலுள்ள புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது. இளைஞராக இருந்தபோது அதே மண்டபத்தின் கட்டுமான வேலையில் கூலிக்கு உழைத்தவர் அவர். அன்றைய மேடையில் தம் வெற்றிகளை அவர் அடுக்கவில்லை. கல்வியைப் பற்றியே பேசினார். ஆட்டக் குறிப்பேட்டை வாசிக்கத் தெரியாமல் திணறிய சக வீரர்களை நினைவுகூர்ந்தார். கல்லூரிவரை சென்றவர்களே வாசிக்க இயலாமல் நின்றார்கள் என்றால், பந்தாட்டத் திறமைக்காக அவர்களைப் பாராட்டியவர்கள் படிப்பைக் கவனிக்கவில்லை என்பதுதானே பொருள்?

அவ்வாண்டிலேயே அவரும் மனைவி டயேனும் ஒரு கல்வி நிதியைத் தொடங்கினார்கள். உதவி பெற்ற மாணவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது: தம்மைவிட இளைய பிள்ளைகளுக்கு அவர்கள் பாடம் சொல்லித்தர வேண்டும்.

பெற்றோர்களே, மாலையில் திடலில் பந்துடன் ஓடும் பிள்ளையை நாம் தடுக்க வேண்டாம், ஓடட்டும். விளக்கு வைத்தபின் புத்தகத்தையும் எடுக்கச் சொல்வோம். மூத்த பிள்ளை தம்பி தங்கைக்கு ஒரு பக்கமாவது வாசித்துக் காட்டட்டும். கால் ஓயும் வயது எல்லாருக்கும் வரும். அன்று கைகொடுப்பது கற்ற கல்வியே.