உறங்கும் உடலின் வெம்மை



குளிர்கிறது என்பதைக் குழந்தை அழுது சொல்லும். முதியவர் போர்வையை இழுத்துச் சொல்வார். வாய் சொல்லாவிடினும் மெய் சொல்லும்: மயிர்க்கால் சிலிர்க்கும், பல் கிட்டும், உடல் நடுங்கும். முழு மயக்கம் தரப்பட்டு அறுவை மேசையில் கிடப்பவரிடத்தோ இவ்விரு மொழிகளும் அடங்கிப்போகின்றன.

உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அதனைக் காப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ். குளிர் தாக்கும்போது கைகால்களின் குருதி நாளங்களைச் சுருக்கி, வெம்மையை நெஞ்சிலும் வயிற்றிலும் தேக்கிவைப்பது அதன் தொழில். மயக்க மருந்து அக்காவலைத் தளர்த்திவிடுகிறது. நாளங்கள் விரிய, உள்ளே தேங்கிய வெம்மை கைகால்களுக்குப் பாய்கிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை தாழக்கூடும். அறையின் குளிரே இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணுவர். ஆயினும் இம்முதற்சரிவின் பெரும்பங்கு, வெம்மை உடலுக்குள்ளேயே இடம்பெயர்வதால் நேர்வது. குளிரூட்டிய அறையும் திறந்த வயிறும் சூடேற்றாத நீர்மங்களும் அதன்மேல் தம் பங்கைச் சேர்க்கின்றன.

இதன் விளைவு சிறிதன்று. குருதி உறைதல் தடைப்படும். மருந்தின் ஆற்றல் நீடிக்கும். விழித்தபின் கடும் நடுக்கம் வருத்தும். ஆண்ட்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர், ரெய்னர் லென்ஹார்ட் ஆகியோர் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் அறுவை பெற்ற 200 பேர் இரு பிரிவாகப் பகுக்கப்பெற்றனர். வெம்மை காக்கப்பெற்ற 104 பேரில் 6 பேருக்குப் புண் சீழ்ப்பிடித்தது; 34.7 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த 96 பேரில் அத்தொகை 18 ஆயிற்று.

எனினும் வெம்மை கூடுந்தோறும் நன்மை கூடும் எனக் கொள்வதற்கில்லை. 5,000க்கும் மேற்பட்டோரிடம் நிகழ்த்தப்பெற்று 2022 இல் வெளிவந்த ஆய்வு, 35.5 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே இதயப் பாதிப்பிலோ கடும் புண் தொற்றிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. அதனினும் கீழே நழுவவிடாமல் காப்பதே இன்றியமையாதது.

காக்கும் வழி எளியது. மயக்கம் தருவதற்கு அரைமணி முன்பே வெப்பக்காற்றுப் போர்வையால் கைகால்களைச் சூடேற்றினால், பின்னர் உள்வெம்மை அங்கே பெருகிச் செல்வது குறையும். ஏற்றும் நீர்மத்தையும் குருதியையும் வெதுவெதுப்பாக்கலாம். உணவுக்குழலில் வைத்த வெப்பமானி உள்நிலையை இடைவிடாது உரைக்கும். உள்வெப்பம் 36 டிகிரிக்குக் கீழ் உள்ளவர்க்கு, அவசரம் இருந்தாலன்றி, மயக்கம் தொடங்கலாகாது எனப் பிரிட்டனின் 2008 ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி விதித்தது.

வெப்பமானி வைக்கப்படாத மேசையில் குளிர் யாருக்கும் தெரியாமல் இறங்குகிறது. புண் ஆறாத நாள்களில்தான் அது வெளிப்படும். பேசவியலாதவர்க்காகப் பேசுவதைத் தம் கடனாகக் கொண்ட கவிஞர்களுக்கு இவ்விடம் அயலானதன்று. உறங்குபவர் சொல்லாத ஒரு சொல்லைக் கேட்டு, உரிய நேரத்தில் போர்வையை விரிக்கும் செவிலியர் கைகளும் அப்பணியையே செய்கின்றன.