வாட்டர்லூப் பாட்டும் காங்கேசன்துறைப் புகைபோக்கியும்

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் அண்ணை என்னைப் பேசச் சொன்னபோது, நான் ஏ.எல். படிப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன், பக்டரியில் பெட்டி அடுக்குகிறவன், எனக்கு என்ன பேச்சு எண்டு மறுத்தேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசு தம்பி" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரு ஆங்கிலப் பாட்டு. அதுவும் றொக் பாட்டு. சிரியாதேங்கோ. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கோ.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 2010இல். வேலை செய்ய அனுமதி இல்லாத காலம். குறித்த நாளில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஈஸ்ட்ஹாமில் இருந்து காசை மிச்சம் பிடிக்க பஸ் மாறி மாறி வந்து, இறங்கி, வாட்டர்லூ பாலத்தால் நடந்து போய் ரயில் எடுப்பேன். அந்தப் பாலத்தில் நிண்டு எத்தனையோ தடவை ஆற்றைப் பார்த்திருக்கிறேன். இண்டைக்குத் திரும்பி வருவனோ, உள்ளுக்குப் பிடிச்சு வைப்பாங்களோ எண்ட யோசனையில் பார்த்த பார்வை அது. இங்கே இருக்கிற பலருக்கு அந்த யோசனை என்ன எண்டு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இடத்தைப் பற்றி உலகமே பாடுகிற ஒரு பாட்டு இருக்கிறது எண்டு அப்போது எனக்குத் தெரியாது.

2012 ஒகஸ்ட் 12ஆம் திகதி, ஒலிம்பிக் விளையாட்டின் நிறைவு விழா. நாங்கள் ஐந்து பேர் ஒரு அறையில் இருந்து தொலைக்காட்சி பார்க்கிறோம். ஒரு கறுப்பு டாக்சியில் வயது போன ஒருவர் வந்து இறங்கிப் பாடுகிறார். மைதானம் முழுக்கச் சேர்ந்து பாடுகிறது. எனக்கு விளங்கின ஒரே சொல்லு 'வாட்டர்லூ'. அவர்தான் ரே டேவிஸ். பாட்டின் பெயர் 'வாட்டர்லூ சன்செற்', வாட்டர்லூவில் சூரியன் மறைகிற நேரம். 1967 மே மாதம் 'கிங்க்ஸ்' எண்ட குழு வெளியிட்டது. அந்த நேரம் விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. அதற்கு மேலே போகவில்லை. முதலாம் இடத்தில் இருந்த பாட்டை இண்டைக்கு எத்தனை பேர் பாடுகிறார்கள் எண்டு யோசித்துப் பாருங்கோ.

பிறகு எனக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்து, ஆற்றங்கரையில் ஒரு பக்டரியில் சேர்ந்தேன். அங்கே போக்லிப்ட் ஓட்டின ஒரு வெள்ளைக்காரக் கிழவன். தகப்பனும் பேரனும் துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர்கள். நைட் சிப்டில் அவர் இந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார். "ஐயா, இது காதல் பாட்டோ?" எண்டு கேட்டேன். "காதலும் இருக்குது, ஆனால் ஆத்தைப் பற்றின பாட்டு. அந்த ஆறு செத்துப்போன காலத்தில எழுதினது" எண்டார். அவர் சொன்னதும், நான் பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்ததும் சேர்த்துத்தான் இண்டைக்குச் சொல்லுறன்.

இப்ப நாங்கள் பிள்ளைகளோட போய் ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்து நடக்கிற அந்தத் தென்கரை, ஒரு காலத்தில் முழுக்கத் தொழிற்சாலையும் பண்டகசாலையும். இப்போது றோயல் பெஸ்டிவல் ஹோல் நிற்கிற இடத்தில் லயன் எண்ட சாராய வடிசாலை, அதாவது பியர் வடிக்கிற ஆலை இருந்தது. 1949இல் இடித்தார்கள். அதன் உச்சியில் நிண்ட கற்சிங்கம் மட்டும் தப்பி, 1966 முதல் வெஸ்ட்மினிஸ்டர் பாலத்தடியில் நிற்கிறது. நீங்கள் எல்லோரும் அதோட நிண்டு படம் எடுத்திருப்பீர்கள். பக்கத்தில் 1826இல் கட்டின ஒரு உயர்ந்த கோபுரம். அதன் உச்சியில் ஈயத்தை உருக்கி அரிதட்டால் ஊற்றுவார்கள். விழுகிற வழியிலேயே துளிகள் உருண்டையாகி, கீழே தண்ணீரில் சன்னங்களாக வந்து சேரும். எங்களுக்குச் சன்னம் எண்டால் வேற ஞாபகம் வரும், அதை விடுவோம். அந்தக் கோபுரத்தை 1962இல் இடித்தார்கள். அந்த இடத்தில் குயீன் எலிசபெத் ஹோல் 1967 மார்ச்சில் திறக்கப்பட்டது. பாட்டு வெளிவர இரண்டு மாதம்தான் முன்னுக்கு. இன்னும் கொஞ்சம் மேலே லாம்பெத்தில் டோல்டன் மட்பாண்ட ஆலை 1956இல் மூடினது.

இந்தப் புகையை ஓவியர் மொனே வந்து பார்த்து 1899 தொடக்கம் 1901 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்திருக்கிறார். எல்லாம் வாட்டர்லூ பாலமும் பின்னால் புகைபோக்கிகளும். அவர் முதல் தடவை இலண்டனுக்கு வந்தது 1870இல், பிரான்சில் நடந்த சண்டைக்குத் தப்பி. எங்கட ஆள் மாதிரித்தான். அவர் வரைந்தது பழைய பாலம். இப்ப இருக்கிற பாலம் இரண்டாம் உலகப் போர் நேரம் கட்டினது. ஆண்கள் சண்டைக்குப் போனபடியால் அதில் ஏராளம் பெண்கள் வேலை செய்தார்கள். அதனால் 'பெண்கள் பாலம்' எண்டும் சொல்வார்கள்.

ஆற்றின் நிலைமை இன்னும் மோசம். 1957இல் தேம்ஸ் நதி உயிரில்லாத நதி எண்டு இயற்கை வரலாற்று நூதனசாலை அறிவித்தது. மலக்கழிவும் ஆலைக்கழிவும் கலந்து தண்ணீரில் ஒட்சிசன் இல்லை. குண்டுவீச்சில் உடைந்த கழிவுக் குழாய்களும் அதற்கு ஒரு காரணம். நகரத்தின் நடுவில் மீன் இல்லாத, நாறுகிற ஆறு. பிறகு எங்கட பெக்டனில் இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தையும் மற்றவற்றையும் திருத்தி, 1974இல்தான் சல்மன் மீன் ஒன்று திரும்பக் கிடைத்தது.

ரே டேவிஸ் 1944இல் பிறந்தவர். வடக்கு இலண்டனில் ஏழைக் குடும்பம். ஆறு அக்காமார், பிறகு இவர், கடைசித் தம்பி டேவ். அந்தத் தம்பிதான் கிட்டார் வாசித்தவர். சிறு வயதில் சுகமில்லாமல் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாதிமார் இவரை வெளி மாடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஆற்றைக் காட்டுவார்களாம். 1951இல் அதே கரையில் 'பிரித்தானிய விழா' நடந்தபோது தகப்பன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் எண்டு காட்டின விழா. அரசாங்கம் மாறினதும் பெஸ்டிவல் ஹோல் ஒன்றைத் தவிர அநேகமாக எல்லாத்தையும் பிடுங்கி எறிந்தார்கள். பிறகு ஓவியக் கல்லூரிக்குப் போகிற காலத்திலும் வாட்டர்லூவால்தான் போய் வந்திருக்கிறார். இவை எல்லாம் அவரே சொன்னவை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவருடைய ஒரு அக்கா ரெனே, கனடாவுக்குக் கலியாணம் செய்து போய், இருதய வருத்தத்தோட திரும்பி வந்தவர். 1957இல் தம்பியின் 13ஆவது பிறந்தநாளுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்துவிட்டு, அண்டு இரவே லைசியம் மண்டபத்தில் நடனமாடிக்கொண்டிருக்கும்போது விழுந்து செத்துப்போனார். லைசியம் எங்கே இருக்கிறது தெரியுமோ? வாட்டர்லூ பாலத்தின் வடக்கு முனைக்குக் கிட்ட. இதை வாசித்த பிறகு எனக்கு அந்தப் பாலத்தால் நடக்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

பாட்டில் வருவது பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒருவர் யன்னலடியில் இருந்து பார்க்கிறார். ஆறு ஊத்தையாக ஓடுகிறது, ஸ்டேசனில் சனம் மொய்க்கிறது. டெரி, ஜூலி எண்டு ஒரு சோடி அங்கே சந்தித்து, ஆற்றைக் கடந்து போகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறவர் வெளியே வருவதில்லை. சூரியன் மறைவதைப் பார்ப்பதே அவருக்குப் போதும். இவ்வளவுதான்.

அந்தச் சோடி இரண்டு பெரிய சினிமா நட்சத்திரங்கள் எண்டு அந்தக் காலத்தில் கதை அடிபட்டது. டேவிஸ் இல்லை எண்டு மறுத்தார். தன் அக்கா ஒருத்தி தன் துணையோடு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்து போவதை நினைத்துப் பார்த்த கற்பனை எண்டு சொன்னார். அவருடைய ரோஸ் அக்கா 1964இல் உண்மையாகவே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஆகவே, சனம் காதல் பாட்டு எண்டு பாடுகிற இந்தப் பாட்டுக்குள் ஊரை விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், போகாமல் யன்னலடியில் நிற்கிற ஒருவரும் இருக்கிறார். நான் இங்கே, அப்பா அங்கே. எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

இசைத்தட்டில் பின்னுக்குக் கேட்கிற அந்த மெல்லிய பெண்குரல் அவருடைய அப்போதைய மனைவி ராசாவின் குரல். எங்கட பெயர் மாதிரி இருக்குது, ஆனால் லித்துவேனிய அகதிக் குடும்பத்துப் பெண். இதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் மனைவி முதல் தடவையாகப் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னா.

வேறொரு விசயம். டேவிஸ் முதலில் நினைத்தது 'லிவர்பூல் சன்செற்' எண்டு எழுதத்தானாம். அதுவும் ஒரு துறைமுக நகரம், அதுவும் தேய்ந்துகொண்டிருந்த இடம். பிறகுதான் தன் சொந்த ஆற்றுக்கு வந்தார். வந்த நேரமும் பொருந்தினது. பாட்டு வந்த அதே 1967இல் கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது. அடுத்த வருடம் சென் கத்தரீன். 1969இல் லண்டன் டொக்ஸ், 1970இல் சறே, 1980இல் வெஸ்ட் இந்தியாவும் மில்வோலும், 1981இல் எங்கட நியூஹாமில் இருக்கிற றோயல் டொக்ஸ். கொள்கலன் கப்பல்கள் வந்தபடியால் ஆழமான தண்ணீர் உள்ள டில்பரிக்கு வேலை போய்விட்டது. மலையகத்தில் எங்கள் சனம் கொழுந்து பறித்து அனுப்பின தேயிலைப் பெட்டிகள் இந்தத் துறைகளில்தான் இறங்கின. இலண்டன் தேயிலை ஏலமே 1998இல் நின்றுபோனது. எக்செல் மண்டபத்துக்கு நிகழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள், முன்னால் நிற்கிற பாரந்தூக்கிகளை ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கோ. அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, அங்கே வேலை செய்தவை.

எங்கள் பக்டரியும் மூடினார்கள். காணியை மாடிவீடு கட்டக் கொடுத்துவிட்டார்கள். கடைசி நாள் கன்டீனில் கேக் வெட்டினார்கள், முகாமையாளர் இரண்டு நிமிடம் பேசினார். 29 வருடம் அங்கே வேலை செய்த அந்தக் கிழவன் கேக் சாப்பிடவில்லை. போக்லிப்டைக் கொண்டுபோய் அதன் இடத்தில் நேராக நிறுத்தி, துடைத்து, திறப்பை மேசையில் வைத்துவிட்டு, "பாட்டு வேணுமோ தம்பி?" எண்டார். முழுதாகப் பாடினார். குரல் நல்ல குரல் இல்லை. போலந்துக்காரர், வங்காளி, நாங்கள், ஒருத்தரும் அசையவில்லை.

அண்டு இரவு ஊருக்கு அப்பாவோட கதைத்தேன். எங்கள் அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1950இல் தொடங்கின ஆலை. 1990இல் சண்டையோட நின்றது. நாங்களும் அந்த வருடம்தான் ஊரை விட்டு ஓடினோம். எனக்கு அப்போது ஒரு வயது. ஆகவே அந்தப் புகைபோக்கி புகைத்ததை நான் கண்டதில்லை. வடலி ஓலையெல்லாம் வெள்ளைத் தூசி படிந்திருக்கும், மழை பெய்தால்தான் பச்சை தெரியும் எண்டு அம்மா சொல்லுவா. நான் பக்டரி மூடின கதையைச் சொல்ல, அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்களுக்குக் கடைசி நாள் எண்டு சொல்லித்தானே மூடினவங்கள்? எங்களுக்கு அதுவும் சொல்லேல்லையடா. சாப்பாட்டுப் பெட்டியை அங்கேயே வைச்சிட்டு வந்தனான், அடுத்த நாள் போய் எடுக்கலாம் எண்டு."

அந்தச் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி இவ்வளவு காலமும் அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கடலோரத்தில் சூரியன் மறையும்போது அந்த ஆலை எப்படி இருந்தது, சிப்ட் முடிந்து சனம் சைக்கிளில் எப்படி வந்தது எண்டு பாட ஒரு ரே டேவிஸ் எங்களுக்கு இருக்கவில்லை. பாட்டுக்காரர் இல்லாவிட்டாலும் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள்.

தலைவர் அண்ணையிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், அவரும் சம்மதம். காங்கேசன்துறையிலோ, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலோ, வாழைச்சேனைக் காகித ஆலையிலோ, ஆனையிறவு உப்பளத்திலோ வேலை செய்தவர்கள், அல்லது உங்கள் தகப்பன்மார் வேலை செய்திருந்தால், ஒரு பக்கமாவது எழுதித் தாருங்கோ. எழுதக் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ, நான் போனில் பதிந்து எழுதிக் கொள்ளுறன். பெரிய விசயம் தேவையில்லை. எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எந்த வழியால் போனீர்கள், சாப்பாட்டுப் பெட்டிக்குள் என்ன இருந்தது, அது போதும். இப்ப தேத்தண்ணி நேரம். நான் பின்னுக்கு, அந்தக் கதவடியில் கொப்பியோட நிற்பேன்.