மனந்திரும்பும் நாடு



ஒரு நாட்டின் நலம் எதிலே தங்கியிருக்கின்றது என்று வினவினால், விளைச்சல், வாணிபம், கல்வி, காவல் என்று பலவற்றைச் சொல்லலாம். இவை யாவும் வேண்டியனவே. கிறிஸ்தவ வேதமோ இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கின்றது. தான் செய்த தீமையைத் தீமையென்று கண்டு, அதனின்றும் திரும்பும் வலிமை அந்நாட்டுக்கு உண்டா என்று அது கேட்கின்றது.

மனந்திரும்புதல் என்னும் சொல்லைச் சற்றே உற்று நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'மெற்றனோயா' என்னும் சொல் மனம் மாறுதலைக் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லாகிய 'ஷூப்' என்பது, வழி தவறியவன் மீண்டு வருதலைக் குறிக்கும். நம் தமிழ்ச் சொல்லிலோ மனமும் உண்டு, திரும்புதலும் உண்டு. ஆதலால் கண்ணீர் வடித்த அளவிலே மனந்திரும்புதல் நிறைவெய்திவிடாது. மனம் மாறியபின் காலும் வழிமாறி நடத்தல் வேண்டும்.

தனி மனிதன் இவ்வாறு திரும்பலாம். ஒரு நாடு திரும்புவதெங்ஙனம்? நாட்டிலே குற்றஞ் செய்தவரும் உளர், செய்யாதவரும் உளர், குற்றம் நிகழ்ந்தபின் பிறந்த குழந்தைகளும் உளர். எல்லோரும் குற்றவாளிகள் என்று கூறின், உண்மையான குற்றவாளி அக்கூட்டத்திலே மறைந்து விடமாட்டானோ? இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடை தேடும்போது வேதத்திலுள்ள ஒரு சிறு நூல் நினைவுக்கு வருகின்றது.

அது யோனா தீர்க்கதரிசியின் நூல். யூதர்கள் தங்கள் பாவநிவாரண நாளில் இன்றும் அதனை வாசிக்கின்றனர். இஸ்லாமிய அன்பர்கள் அவரை யூனுஸ் நபி என்று போற்றுகின்றனர். அசீரியரின் மாநகராகிய நினிவேக்குச் சென்று எச்சரிக்கும்படி இறைவன் யோனாவை ஏவினார். அசீரியர் யோனாவின் மக்களுக்குக் கொடும்பகைவர், கி.மு. 722ஆம் ஆண்டளவில் இஸ்ரவேலின் வட அரசை அழித்தவரும் அவர்களே. யோனா வேறு திசை நோக்கிக் கப்பலேறி ஓடியதும், கடலிலே வீசப்பட்டு மீனின் வயிற்றில் இருந்ததும் யாவரும் அறிந்த கதை. அதற்குப் பின் நிகழ்ந்ததே நமக்கு இங்கு முக்கியமானது.

நாற்பது நாளில் நகர் கவிழ்க்கப்படும் என்று யோனா கூறியதும், நகரத்தார் நோன்பிருந்தனர். அரசன் சிங்காசனத்தை விட்டிறங்கி, அரச ஆடையைக் களைந்து, இரட்டு உடுத்திச் சாம்பலில் அமர்ந்தான். அவன் பிறப்பித்த கட்டளையில் நோன்பு மாத்திரம் கூறப்படவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கையிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்பவேண்டும் என்பதும் கூறப்பட்டது. இன்னார் செய்தார் என்று பிறரைச் சுட்டாமல், மேலிருப்பவன் முதலிற் கீழிறங்கினான். நகர் பிழைத்தது. யோனாவோ மகிழவில்லை, பகைவர் அழியவில்லையே என்று சினந்தார். வலக்கை இடக்கை வேற்றுமை அறியாத ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக நான் இரங்கலாகாதோ என்று இறைவன் கேட்கும் கேள்வியோடு நூல் முடிகின்றது. அக்கேள்விக்கு யோனா என்ன விடை கூறினார் என்பது எழுதப்படவில்லை.

வேதக் கதை இது. நம் காலத்துக்கு அண்மையிலே ஒரு நாடு இவ்வாறு திரும்ப முயன்றதுண்டா? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம்.

1945ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பாவிலே போர் முடிந்தது. நாசி ஆட்சியினால் ஏறக்குறைய அறுபது இலட்சம் யூதர்கள் கொலையுண்டிருந்தனர். ஜேர்மனியின் நகரங்களும் இடிபாடாய்க் கிடந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 18ஆம், 19ஆம் நாட்களில், ஜேர்மனியப் புரட்டஸ்தாந்து திருச்சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரிலே கூடினர். நேற்றுவரை பகைநாட்டினராயிருந்த நெதர்லாந்து, பிரான்சு, பிரித்தானியா முதலிய நாடுகளின் கிறிஸ்தவர்களும் அங்கே வந்திருந்தனர். அவர்கள் முன்னிலையில் பதினொருவர் ஒப்பமிட்ட அறிக்கை வாசிக்கப்பட்டது. தங்கள் நாட்டின் மூலம் பல நாடுகளுக்கு அளவிலாத் துன்பம் விளைந்ததென்றும், தாங்கள் போதிய துணிவுடன் சான்று பகரவில்லை என்றும் அவர்கள் அதிலே ஒப்புக்கொண்டனர்.

ஒப்பமிட்டவருள் மார்ட்டின் நீமொல்லர் என்னும் போதகரும் ஒருவர். ஹிட்லரை எதிர்த்தமையால் 1937 முதல் 1945 வரை சிறையிலும் முகாம்களிலும் அடைபட்டிருந்தவர் அவர். நான் சிறையிலிருந்தேன், எனக்கென்ன பொறுப்பு என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் 1933இல் அந்த ஆட்சி வந்தபோது அதனை வரவேற்றவர்களுள் தாமும் ஒருவர் என்பதை அவர் மறக்கவில்லை. 1937க்குப் பின் எங்கிருந்தேன் என்பதற்குச் சிறைக்கதவு சான்று கூறும், அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளுக்கு யார் சான்று கூறுவார் என்னும் கருத்தை அவர் பல கூட்டங்களிலே எடுத்துரைத்தார்.

அறிக்கையை நாட்டார் பலர் வெறுத்தனர். நாமும் பசியாலும் குண்டுவீச்சாலும் வருந்தவில்லையா, பகைவர் கையிலே ஆயுதம் கொடுக்கலாமா என்று கேட்டனர். அறிக்கையிலும் குறையுண்டு. யூதர்கள் என்னும் பெயரே அதில் இல்லை. 1950ஆம் ஆண்டிலே பேர்லின் வைசன்சே என்னுமிடத்திற் கூடிய திருச்சபைப் பேரவையே அக்குற்றத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. மனந்திரும்புதல் ஒரே நாளில் முடிந்துவிடும் காரியமன்று என்பதற்கு இதுவே சான்று.

சொல்லைத் தொடர்ந்து செயலும் வந்தது. சகேயு என்னும் வரி வசூலிப்போன் இயேசுநாதரைக் கண்டபோது, அநியாயமாய் எடுத்ததை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவேன் என்றான் அன்றோ? 1952ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் லக்சம்பேர்க்கில் செய்யப்பட்ட உடன்படிக்கையினால், இஸ்ரேல் நாட்டுக்கு 300 கோடி மார்க் வழங்க மேற்கு ஜேர்மனி இசைந்தது. மாண்டவரை அப்பணம் மீட்காது. ஆயினும் கொடாதிருந்தால் சொல் வெறுஞ் சொல்லாகியிருக்கும். 1958ஆம் ஆண்டிலே லோத்தர் கிறைசிக் என்பவரின் அழைப்பினால் ஒரு தொண்டர் இயக்கம் தோன்றிற்று. மனநோயாளரைக் கொன்றொழித்த நாசிச் செயலை 1940இலே எதிர்த்து, நீதிபதிப் பதவியை இழந்தவர் அவர். ஜேர்மனிய இளைஞர் பலர், தங்கள் தந்தையர் படையெடுத்த நாடுகளுக்குச் சென்று கல் சுமந்து கட்டிடம் எழுப்பினர்.

திரும்பி வருபவனுக்குக் கதவும் திறந்திருத்தல் வேண்டும். யோனாவுக்கு அரிதாயிருந்தது அதுவே. 1965ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் போலந்தின் கத்தோலிக்க ஆயர்கள் ஜேர்மனிய ஆயர்களுக்கு விடுத்த மடலில், தாம் மன்னிப்பதாகவும், தாமும் மன்னிப்பு வேண்டுவதாகவும் எழுதினர். அதற்காகத் தம் நாட்டு அரசின் கடுங்கண்டனத்துக்கு ஆளாயினர்.

ஐந்தாண்டுகளின் பின், 1970ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் நாள், மேற்கு ஜேர்மனிய அதிபர் வில்லி பிராண்ட், வார்சோ நகரிலே யூதர் நினைவுச் சின்னத்தின் முன் முழந்தாளிட்டார். அவர் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி நோர்வேயில் அடைக்கலம் புகுந்தவர். தம் பொருட்டு அவர் முழந்தாளிட வேண்டியதில்லை. அதனை மிகையென்று கருதியவர் அவர் நாட்டிலே நூற்றுக்கு 48 பேர். தகுமென்றவர் 41 பேர் என்று அக்காலத்துக் கருத்துக் கணிப்பொன்று கூறிற்று.

நாம் முன்னர் எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கின்றது. குற்றம் செய்தவனுடையது, அவனை நீதிமன்றம் தேடிப் பிடிக்கட்டும். பொறுப்போ எல்லோருக்கும் உரியது. தகப்பனின் முதுசத்தை ஏற்கும் மகன், அந்தக் காணியின் மேலுள்ள கடனை என்னுடையதன்று என்று தள்ளிவிட முடியுமா? நாட்டின் புகழைத் தனதென்று கொள்பவன் அதன் கடனையும் தனதென்றே கொள்ளல் வேண்டும். நீமொல்லரும் கிறைசிக்கும் பிராண்டும் செய்தது இதுவே.

இது என்றைக்குமான காப்பு என்று எண்ணலாகாது. வரலாற்றிலே நினிவே நகர் கி.மு. 612இல் அழிந்தே போயிற்று. ஒரு தலைமுறை திரும்பியது அடுத்த தலைமுறைக்குப் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையைத் தானே பார்த்தல் வேண்டும். அக்கையிலே கொடுமை ஏதும் உண்டோ என்று கேட்கும் துணிவு, உயர்ந்த இடத்தில் இருப்போரிடமிருந்து தொடங்குமாயின், அந்நாட்டுக்கு நலமுண்டு.