யாத்திரையில் அடிசில்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கழுகுமலைக்கு யாத்திரை வரும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செஞ்சி ஆகிய பகுதிகளிலிருந்து புறப்படுகின்றன. திண்டிவனத்திலிருந்து திருச்சி, மதுரை, கோவில்பட்டி வழியாக ஏறத்தாழ 450 கிலோமீட்டர். இரவெல்லாம் பேருந்தில் வந்து, பகலில் மலையேறி வழிபட்டு, அன்று மாலையே திரும்புவது வழக்கமாகிவிட்டது. பேருந்து ஏற்பாடு செய்வோர் வாடகையைக் கணக்கிடுகின்றனர். தரிசன நேரத்தைக் கணக்கிடுகின்றனர். வழியில் வேறு எந்தெந்த மலைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் கணக்கிடுகின்றனர். உணவை மட்டும் "போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகின்றனர்.

அதன் விளைவு பலரும் கண்டதே. காலையில் புறப்பாடு தாமதமாகிறது. பகலுணவு மூன்று மணிக்கு நழுவுகிறது. மாலையுணவுக்கு நேரமே இல்லாமல் கதிரவன் மறைந்துவிடுகிறான். இரவு ஒன்பது மணிக்கு நாற்கரச் சாலையோரத்தில், பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும் உணவகம் ஒன்றின் முன் பேருந்து நிற்கிறது. பசியோடு இளைஞர் இறங்குகின்றனர். பசியோடு முதியோர் இருக்கையிலேயே அமர்ந்திருக்கின்றனர். எவரும் எவரையும் கடிந்துகொள்வதில்லை. ஆயினும் ஒரே குடும்பம் அந்த அரைமணி நேரம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பகலெல்லாம் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் முன் நின்று வணங்கியவர்களுக்கு இந்நிலை நேர்வது வருந்தத்தக்கது. இதற்கு இளைஞரின் உறுதிக் குறைவைக் காரணம் சொல்வது எளிது. அது நேர்மையான விடையன்று. நான்கு மணிக்கு நல்ல உணவு சூடாகக் கிடைத்திருந்தால் அவர்களுள் பெரும்பாலோர் ஒன்பது மணிக்கு இறங்கியிருக்கமாட்டார்கள்.

வழிநடையில் நோன்பு காத்து, நல்லுணவும் உண்ணல் இயலும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து வந்தவர்கள். அடிகள் அவர்களை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலம் தந்தார். மாதரி சமணச் சார்பினள் அல்லள். ஆயினும் வந்திருப்பவர் சாவக நோன்பு உடையவர் என்பதையும், அவர் பகற்பொழுதிலேயே உண்ண வேண்டியவர் என்பதையும் உணர்ந்து, சமைப்பதற்குரிய நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்கச் சொல்கிறாள். பிற்பட்ட காலத்தில் எத்தனையோ உறவினர் வீடுகளில் கிடைக்காத கருத்து இது! அவள் வீட்டார் கொடுத்த பொருள்களையும் இளங்கோவடிகள் விடாது குறிக்கிறார்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, ஆவின் பாற்பயன். இவற்றுள் மண்ணுக்கடியில் விளைந்த கிழங்கு ஒன்றேனும் இல்லை. இது தற்செயல் என்று தள்ளத் தோன்றவில்லை. மாதரியின் மகள் ஐயை தீ மூட்டித் தர, கண்ணகி மெல்விரல் சிவக்கக் காய் அரிந்து, முகம் வியர்க்கச் சமைத்தாள். கோவலன் ஓலைத் தவிசில் அமர்ந்து, வாழைக் குருத்தில் உண்டான். ஊர்விட்டு ஊர் வந்த இருவருக்கு, அயலார் தந்த கலத்தில், அயலார் தந்த இடத்தில் ஆக்கிய அவ்வுணவு எளியது; ஆனால் குறையற்றது. பயணத்தை நிறுத்தி, ஓரிடத்தில் இருந்து, பொழுதோடு சமைத்ததால் அது கைகூடியது.

கழுகுமலைக்கு வருவோர்க்கு இன்னொரு சான்று மலையிலேயே உண்டு. பாறைச் சரிவில் வரிசை வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் உருவங்களையும், பார்சுவநாதரையும், பாகுபலியையும் கண்டு வருவோர், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கும் அம்பிகையின் முன்னும் நிற்பர். தருமதேவி என்று தமிழ்ச் சமணர் போற்றும் அவ்வியக்கியின் கதை ஓர் அடுக்களையில் தொடங்குவது. நீத்தார் கடனுக்கென ஆக்கிவைத்த உணவை அவள் ஒரு முனிவர்க்கு மகிழ்ந்து அளித்தாள். கணவன் சினந்து துரத்தினான். பசித்த பிள்ளைகள் இருவரோடு வழியில் நின்றவளுக்கு மாமரம் கனி தந்தது, வறண்ட குளம் நீர் தந்தது என்று கதை செல்கிறது. சிற்பத்தைக் காட்டும்போது இக்கதையையும் குழந்தைகளுக்குச் சொன்னால் அவர்கள் அவ்விடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

திருவுருவங்களின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்கள் ஏறத்தாழ நூறு. திருச்சாரணத்துக் குரத்தியர், மிழலூர்க் குரத்தியர் என்று பெண்பாற் குரவர் பலர் அங்கே பெயர் பெற்றுள்ளனர். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால். அங்கிருந்து இங்கு வந்தவர்கள் நடந்தே வந்தவர்கள். சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர்களுக்கு உணவளிக்க அறம் நிறுவிய செய்தியும் இம்மலைக் கல்வெட்டுகளில் உண்டு. சிலை செய்வித்தோர் சோற்றையும் மறக்கவில்லை.

இனி, நடைமுறைக்கு வருவது நலம்.

முதலில் பொழுது. இராவுண்ணா நோன்பைச் செம்மையாகக் கொள்வோர் கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை கழித்து உண்ணத் தொடங்கி, மறைவதற்கு இரண்டு நாழிகை முன்னரே முடிப்பர். இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம். கழுகுமலைப் பகுதியில் டிசம்பர்த் தொடக்கத்தில் மாலை 6 மணிக்குச் சற்று முன்னரே கதிரவன் மறைகிறான். சூன் இறுதியில் 6.40 ஆகிறது. ஆகவே குளிர்காலத்தில் மாலையுணவு 5.10க்குள் முடிய வேண்டும். ஐம்பது பேர் கொண்ட குழுவாயின் 4.30க்கு இலை போட வேண்டும். பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது இந்த 4.30. பிறகு அதிலிருந்து பின்னோக்கி மற்றவற்றை எழுதலாம். பலரும் புறப்படும் நேரத்தை முதலில் எழுதுகின்றனர். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

அடுத்தது தீ. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தை அடுத்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வழிபாட்டுக்கு வந்தவர்கள் அதில் இருந்தனர். தடையை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையைக் கொண்டு தேநீர் தயாரிக்க முற்பட்டபோது நேர்ந்தது அது. ஒன்பது உயிர்கள் போயின. அவர்களும் தம் வழக்கப்படியான உணவை, தம் கையால் ஆக்கிய உணவை விரும்பியவர்களே, அவ்விருப்பத்தில் குற்றமில்லை. ஆனால் ஓர் உயிருக்கும் ஊறு நேரக்கூடாது என்று உணவைத் தேர்ந்துகொள்ளும் சமூகம், ஐம்பது உயிர்கள் அமர்ந்திருக்கும் ஊர்தியின் அடியில் எரிவாயு உருளையை வைத்துக்கொண்டு 450 கிலோமீட்டர் ஓடுவது எவ்வகையிலும் பொருந்தாது. "ஒன்றும் ஆகாது, எத்தனை முறை போயிருக்கிறோம்" என்னும் பேச்சை மூத்தவர்களே முதலில் நிறுத்த வேண்டும். கோவில்பட்டியில் பாத்திர வாடகைக் கடைகளும் மண்டபங்களும் சமையற்காரர்களும் உண்டு. அடுப்பையும் பெரிய பாத்திரங்களையும் அங்கேயே பேசி வைத்துக்கொண்டு, அரிசி, பருப்பு, பொடி, காய் ஆகியவற்றை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவருவது அறிவுடைமை.

அடுப்பு வைக்கும் இடமும் கவனத்திற்குரியது. மலைமேல் கூடவே கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறைச் சிற்பங்களில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிவதற்கு யாத்திரிகரே காரணமாகலாமா? அடிவாரத்தில் கரிசல் நிலத்தைத் தேர்வதும் தவறு. மழை பெய்தால் அம்மண் காலையும் விடாது, சக்கரத்தையும் விடாது. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வெடிப்புகளில் எறும்பும் பூச்சியும் குடியிருக்கும். வழிநடையில் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபட நேரும் என்று கவுந்தியடிகள் எச்சரித்ததை இங்கே நினைவுகொள்ளலாம். கூட்டிய சிமெண்டுத் தரையோ கூரையிட்ட மண்டபமோ தக்கது. ஆடி மாதத்தில் வருவோர் தகர மறைப்பு வைத்திருக்க வேண்டும். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே இப்பகுதிக் காற்றின் வலிமைக்குச் சான்று. மறைப்பில்லாவிட்டால் தீ அலைந்து, பொங்கல் வேக இருமடங்கு நேரம் பிடிக்கும்.

நீரைப் பற்றி ஒரு சொல். கரிசற் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அதில் பருப்பு எளிதில் வேகாது. சமையலுக்கும் குடிப்பதற்கும் நல்ல நீரைத் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். அதையும் இரட்டைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக்கொள்ளலாம். வடிகட்டிய நீர்க்கு இரண்டு நாழிகையும், நன்கு கொதித்த நீர்க்கு ஒரு நாளும் காலவரை சொல்வது மரபு. பயணத்திற்குக் கொதித்த நீரே ஏற்றது. கிணற்றில் மொண்டதாயின் வடிதுணியை அலசிய நீரை அக்கிணற்றிலேயே சேர்க்க வேண்டும் என்பதை இளையோர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. செய்து காட்டினால் தெரிந்துகொள்வர்.

உணவு நன்றாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோன்புணவு என்றால் உப்புச் சப்பற்றது என்னும் எண்ணம் எங்கிருந்தோ புகுந்துவிட்டது. மூன்று வேளையும் ஆறிப்போன எலுமிச்சைச் சோற்றையே கொடுத்துவிட்டு நோன்பின் பெருமையைப் பேசினால் யார் கேட்பர்? காலையில் பாசிப்பருப்புப் பொங்கல். பச்சை இஞ்சிக்கு மாற்றாகச் சுக்கும், மிளகும் சீரகமும் நெய்யும் தாராளமாகச் சேர்ந்தது. ஐம்பது பேருக்கு அரிசியும் பருப்புமாக ஐந்து கிலோ போதும். பகலில் சோறு, அதற்கு ஆறு முதல் ஏழு கிலோ அரிசி. வெங்காயமும் பூண்டும் இல்லாக் குழம்புக்குச் சுவை வேண்டுமாயின் கொத்தமல்லியையும் மிளகாயையும் அன்றன்றே வறுத்து இடிக்க வேண்டும். பழைய பொடி மணக்காது. மிளகாய்க்கு விளாத்திகுளம் பக்கத்தில்தான் இருக்கிறது. முருங்கைக்காய், பூசணி, அவரை, புடலை எதுவும் பயணத்தில் ஒருநாள் தாங்கும். மிதுக்கு வற்றல் இப்பகுதிக்கே உரியது. வறுத்துப் போட்டால் பிள்ளைகள் மறுமுறை கேட்பர். மாலையில் குதிரைவாலிச் சோறும் மோர்க்குழம்பும் வயிற்றுக்குச் சுமையில்லாதவை. இரவுப் பயணத்தில் குமட்டலும் வராது. இட்லி மாவு பற்றிக் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறு. அதனை வழியில் வாதிடாமல் இருப்பது நல்லது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் கிழங்கன்று, காய். ஆதலின் பெரும்பாலோர் அதை விலக்குவதில்லை. நெடுநாள் கெடாத பண்டம். பொழுது சாய்வதற்கு முன் ஆளுக்கொன்று கொடுக்க மறக்கலாகாது. நீரிழிவு உள்ள முதியோர் மட்டும் இரவு முழுதும் வெறும் வயிற்றோடு பயணம் செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும். அவர் உண்ணச் சொன்னால் உண்ண வேண்டும், அதை மறைக்கவும் வேண்டா.

திகம்பர முனிவர்கள் ஊர்விட்டு ஊர் நடக்கையில் அன்பர்கள் ஊர்தியில் முன்னே சென்று, பள்ளிக்கூடத்திலோ தோட்டத்திலோ அடுப்பமைத்துத் தூய உணவு ஆக்குவதைப் பலரும் கண்டிருப்பர். அவர் ஒரு நாளைக்கு ஒருமுறை, நின்றவாறு, கையையே கலமாகக் கொண்டு ஏற்பவர். அவருக்காக இத்துணை ஒழுங்கோடு அமைக்கத் தெரிந்த அதே குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்காக அதில் பாதியேனும் செய்யலாம். முன்னே செல்லும் சிறு வேன் ஒன்று, அதில் நான்கு பேர். பேருந்து வருவதற்குள் பால் காய்ந்திருக்கும்.

இறுதியாக ஒரு குறை. இத்தகைய யாத்திரைகளில் சமைப்போர் பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் காலையில் மலையேறும்போது அவர்கள் கீழே காய் அரிந்துகொண்டிருக்கின்றனர். எல்லாரும் இறங்கும்போது பரிமாறுகின்றனர். பரிமாறி முடித்துப் பாத்திரம் கழுவுகின்றனர். பிறகு பேருந்து ஒலியெழுப்புகிறது. இம்மலைக்கு மும்முறை வந்தும் குரத்தியர் பெயர் பொறித்த பாறையை ஒருமுறையும் காணாத தாய்மார் உண்டு. இதற்கு ஏற்பாடு கடினமன்று. பகற்சோறு முடிந்ததும் பாத்திரங்கள் ஆடவர் கைக்கு மாற வேண்டும். பாறைச் சூடு தணியத் தொடங்கும் மூன்று மணிக்குச் சமைத்தோர் மலையேறலாம். அவர்கள் தருமதேவியின் முன் நின்று இறங்கி வருவதற்குள், கீழே இளைஞர்கள் குதிரைவாலியைக் களைந்து உலையில் இட்டு, மோரைக் கடைந்து, இலைகளைத் துடைத்து வைத்திருக்க வேண்டும். நான்கரைக்கு முதல் பந்தியில் அமர்பவர்கள் அத்தாய்மார்கள்.