வண்டியைத் தாழ்த்துவோம், ஸ்பிரிங்கை அறுக்காமல்
(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவிலிருந்து வந்திருக்கே, ஏதாவது பேசு" என்றார் செயலாளர். உபதேசம் செய்ய எனக்கு வராது. தெரிந்த மெக்கானிக் வேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

பென்சில்வேனியாவில் என் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பழைய ஹோண்டா 400இஎக்ஸ் வாங்கினான். 1999-இல் அறிமுகமான குவாட் பைக். நாலு சக்கரம், ஹேண்டில்பார், மோட்டார் சைக்கிள் மாதிரி கால் விரித்து உட்காரும் சீட். கல்லும் மேடும் தாண்டுவதற்காக உயரமாகக் கட்டியிருப்பார்கள். இவனுக்கோ சமதள மண் தடத்தில் வளைந்து வளைந்து ரேஸ் ஓட்ட ஆசை. கையில் 150 டாலர். "ஸ்பிரிங்கில் ரெண்டு சுற்று அறுத்துடலாமா?" என்று கேட்டான்.

ஏன் தாழ்த்த வேண்டும்? வளைவில் வண்டி கவிழுமா, நிற்குமா என்பதைச் சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்துப் பார்க்கலாம். பேச்சுக்கு இடைவெளி 100 செ.மீ., ஓட்டுபவரோடு சேர்த்து மைய உயரம் 60 செ.மீ. என்று வையுங்கள். 50/60, அதாவது 0.83. உயரத்தில் 5 செ.மீ. குறைத்தால் 0.91. அதே பலன் வேண்டுமென்றால் வண்டியை ஏறக்குறைய 9 செ.மீ. அகலப்படுத்த வேண்டும். அகல ஏ-ஆர்மும் நீள ஆக்ஸிலும் இவன் பட்ஜெட்டில் வராது. தாழ்த்துவதுதான் ஏழைக்கு வழி.

ஆனால் அறுக்கக் கூடாது. மூன்றாம் செமஸ்டரில் படித்ததுதான்: சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். அறுத்த முனை தட்டில் சமமாக உட்காராது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டே நகரலாம். அறுக்கும் சூட்டில் எஃகின் பதமும் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் வண்டி மட்டும் கெடும்.

முதலில் காசில்லாத வேலை. ஷாக் அப்சார்பரில் பிரிலோடு காலரைத் தளர்த்தினோம்; வண்டி தானாகவே கொஞ்சம் உட்கார்ந்தது. அடுத்தது டயர். கம்பெனி டயர் முன்னே 22 அங்குலம், பின்னே 20. அதை 20, 18 ஆக்கினால் நாலு பக்கமும் சரியாக 1 அங்குலம் இறங்கும், ஷாக்கில் கையே வைக்காமல். ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ரேஸ்காரர் ஒருவர் கழற்றிப் போட்டதை வாங்கினோம். சின்ன டயரால் இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். குட்டித் தடத்துக்கு அது நல்லதுதான்.

பிறகு முன்புறம் நைலான் பட்டை. ஏ-ஆர்மையும் சேஸிஸையும் சேர்த்துக் கட்டினால் சக்கரம் முழுசாகக் கீழே தொங்காது. பட்டையின் நீளம், வண்டி இயல்பாக உட்காரும் நிலையைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் உயரம் குறையும். ரொம்ப இறுக்கினால் மாட்டு வண்டிதான்! பின்னால் ஒரே ஷாக், லிங்க் வழியாக வேலை செய்வது. அளவு மாற்றிய லிங்க் போட்டால் இறங்கும். ஆனால் நெம்பு விகிதமும் மாறும், ஸ்பிரிங் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஷாக்கைத் திறந்து உள்ளே ஸ்பேசர் போடுவதுதான் முறையான வழி. நைட்ரஜன் அழுத்தம் அடைத்த ஷாக்கை வீட்டில் திறக்காதீர்கள். அதற்குத் தனிக் கடை உண்டு.

இறக்கியதும் ஓட்டிவிட முடியாது. டை ராடின் கோணம் மாறியிருக்கும், டோ-இன் மறுபடி வைக்க வேண்டும். செயின் தளர்ச்சியை ஆள் உட்கார்ந்த நிலையில் பார்க்க வேண்டும். ஷாக் முழுசாக அமுங்கும்போது டயர் ஃபெண்டரில் உரசக் கூடாது. இதைப் பார்க்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை ஜாக்கியால் மேலே தூக்கினோம். ஒரு சாயங்காலம் முழுக்க அதுக்கே போச்சு. அவனுக்குப் பொறுமையில்லை, எனக்கு இருந்தது.

இந்த வண்டி இனி காட்டுப் பாதைக்கு ஆகாது. அடிப்பகுதி கல்லில் இடிக்கும். அதனால் பட்டையைக் கழற்றி மாட்டும்படிதான் போல்ட் போட்டோம், பழைய டயரையும் விற்கவில்லை. மிச்சப் பணம் ஹெல்மெட்டுக்குப் போனது.

பாஜா போட்டிக்கு வண்டி கட்டும் பசங்க இங்கே இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரும் பேனாவும் கொண்டு வாங்க. அந்த லிங்க் கணக்கை மேடையில் போட முடியாது, உட்கார்ந்து போடுவோம்.