நடுவர் நெஞ்சும் தீர்ப்பும்

(குருவிகுளத்தில் ஆற்றிய உரை)

நடுவர்தம் அரசியற் கொள்கை தீர்ப்பிற் புகலாமா என்று பலரும் வினவுகின்றனர். புகலாமா என்பதற்கு முன், புகுகின்றதா என்று காண்போம். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

1908-இல் நெல்லையில் பின்கே என்னும் வெள்ளை நடுவர் வ.உ.சிதம்பரனார்க்கு இரண்டு வாழ்நாள் நாடுகடத்தல் விதித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒன்று. சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றதற்கு மற்றொன்று. மேல்முறையீட்டில் சென்னை உயர்முறைமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்தது. அதே பேச்சு, அதே சான்று, அதே சட்டம்! சட்டநூலில் ஓரெழுத்தும் மாறவில்லை; படித்த கண்களே மாறின. வெள்ளையர் வணிகத்தை எதிர்த்துக் கப்பல் விட்டவரைப் பின்கே வெறுங்கண்ணால் நோக்கினார் என்று யார் நம்புவர்?

வெள்ளையர் எல்லாரும் பின்கே அல்லர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். சிறை மீண்ட சிதம்பரனார் இழந்திருந்த வழக்குரைஞர் உரிமையை மீட்டுத் தந்தவர் வாலசு என்னும் வெள்ளை நடுவரே. அதன் பின்னரே அவர் நமக்குக் கிழக்கே உள்ள கோவிற்பட்டியில் வழக்காட முடிந்தது. நன்றி மறவாத பெருமகனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். (பெயர் தமிழன்றே எனத் தனித்தமிழன்பர் முகஞ்சுளிக்க வேண்டா, அந்த நன்றி தமிழ்தான்!)

இனி, இற்றை நாளுக்கு வருவோம். ஆளுநர் நிறுத்திவைத்த நம் சட்டமன்றத்தின் பத்துச் சட்ட முன்வரைவுகளும் இசைவு பெற்றனவாகவே கொள்ளப்படும் என 2025 ஏப்பிரல் 8-இல் உச்சமுறைமன்றத்தின் இருவர் அமர்வு தீர்த்தது. நாம் மகிழ்ந்தோம், மாற்றார் ‘முறைமன்றம் எல்லை கடந்தது’ என்றனர். நவம்பர் 20-இல் ஐவர் அமர்வு, முறைமன்றம் கெடு விதித்தலும் இசைவு கிடைத்ததாகக் கொள்ளுதலும் ஆகா எனக் குடியரசுத் தலைவர்க்குக் கருத்துரைத்தது. உடனே வாய்கள் இடம் மாறின. நம் வாயையும் சேர்த்தே சொல்கின்றேன்.

வென்றால் நடுவுநிலைமை, தோற்றால் சார்பு என்பது ஆய்வாகுமா? தீர்ப்பின் காரணங்களை வரிவரியாகப் படித்துப் பார்த்தாலன்றோ, சட்டம் எங்கே முடிந்து நடுவரின் நெஞ்சம் எங்கே தொடங்கியது என்பது புலனாகும்? படிக்க நம்மால் முடிகின்றதா? சிதம்பரனார் தமிழிற் பேசினார். அவரை ஒறுத்த தீர்ப்போ ஆங்கிலம். நூறாண்டு கடந்தும் சென்னை உயர்முறைமன்றத்தின் மொழி ஆங்கிலமே.

அரசமைப்புச் சட்டத்தின் 348(2)-ஆம் உறுப்பு இதற்கு வழி வைத்துள்ளது. அவ்வழியே உத்தரப்பிரதேசம், பீகார், மத்தியப்பிரதேசம், இராசத்தான் உயர்முறைமன்றங்களில் இந்தி நுழைந்துவிட்டது. நம் சட்டமன்றம் 2006-இல் தமிழுக்குத் தீர்மானம் இயற்றியது, உச்சமுறைமன்றம் இசையவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் திறக்கவில்லை? அதற்குரிய விடையையும் தமிழிலேயே தருக எனக் கேட்கும் வேண்டுகோள் தாள், வாயிலருகே இருக்கின்றது. படித்துப் பார்த்து, உடன்படுவோர் தமிழிற் கையொப்பமிடுக.